குடிலுக்குப் போகாத ஒட்டகம்

அருள்,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்ததிலிருந்து எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. நீ சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். "அம்மா, இந்தக் கிறிஸ்மஸுக்கு நம்ம ஒட்டக அங்கிள் விளையாட்டப் பிள்ளைங்களுக்கு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். ஒரு நாள் நகத்த மறந்துட்டா என்னம்மா பண்றது?" என்றாய். "மறந்தா என்னலா, ஒண்ணும் ஆகாது" என்று நானும் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். வைத்த கையோடு அடுப்படிக்குப் போனேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். அன்றிலிருந்து இப்படித்தான். கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டுகிறேன். பழைய ரயில்வே யார்டில் புதுக் கட்டடத்துக்குப் பைலிங் அடிக்கிறார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை டொம் டொம் என்று வீடே அதிர்கிறது. அலமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கிறது. உங்கப்பா காலையிலேயே கிள்ளானுக்குக் கிளம்பிவிட்டார். என்ன வேலை என்று கேட்டால் "சும்மா" என்கிறார். லோரி ஓட்டுவதை விட்டு இத்தனை நாளாகியும் அவர் கால் வீட்டில் தங்கவில்லை. நான் மட்டும் என்ன, இந்தக் கடிதத்தை எத்தனை முறை எழுந்து எழுந்து எழுதப் போகிறேனோ.

நீ கேட்ட கேள்விக்குப் போனில் நான் சொன்னது சரியான பதில் இல்லை. சரியான பதில் உனக்கே தெரியும், ஆனால் தெரியும் என்று நீயும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். ஜெசிக்கும் சின்னவனுக்கும் இந்த விளையாட்டை நீ காட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

விளையாட்டு எப்படித் தொடங்கியது என்று உனக்கு நினைவிருக்க நியாயமில்லை. உனக்கு அப்போது ஐந்து வயது, உன் தங்கை ரீத்தாவுக்கு மூன்று. டிசம்பர் பள்ளி விடுமுறை. பிரிக்ஃபீல்ட்ஸில் இதே வீட்டில் உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் அம்மை போட்டது. உடம்பெல்லாம் கொப்புளம், வெளியே போகக் கூடாது, சொரியக் கூடாது. சந்தில் மற்றப் பிள்ளைகள் சைக்கிள் விடுகிற சத்தம் ஜன்னல் வழியே கேட்கும். நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துவாய், உன்னைப் பார்த்து அவள் கத்துவாள். உங்கப்பாவுக்கு சின்ன வயதில் அம்மை வந்ததே இல்லை. வந்தால் லோரி ஓட்ட முடியாது, வேலை போய்விடும் என்று போர்ட் கிள்ளானில் டிரைவர்கள் தங்குகிற அறையிலேயே இருந்துகொண்டார். இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து, கேட்டுக்கு வெளியே நின்று, மீனோ பழமோ கேட்டில் மாட்டிவிட்டுப் போவார். பக்கத்து வீட்டுப் பத்மாக்கா, அந்த யாழ்ப்பாணத்து டீச்சர், வேப்பிலைக் கொத்தை வேலிக்கு மேலே நீட்டுவார். மற்றபடி நானும் நீங்கள் இருவரும் நான்கு சுவரும்தான்.

குடில் அந்த வருஷம் முன்னறை மேசையில் இருந்தது. மாதா, சூசையப்பர், பாலன், ஆடுமாடு, மூன்று ராஜாக்கள், ஒரு ஒட்டகம். எல்லாம் சுண்ணாம்புப் பொம்மைகள். ஒரு விடியற்காலை, நீங்கள் எழுந்திருப்பதற்கு முன்னால், நான் அந்த அறையில் நின்றுகொண்டிருந்தேன். இன்றைக்கு முழுக்க இந்த அழுகையை எப்படித் தாங்குவேன் என்று தெரியவில்லை. கதவைத் திறந்து சந்து முனை வரைக்குமாவது ஓடிப் போய் வரலாமா என்று தோன்றியது. போக முடியாது. அதனால் ஒட்டகத்தை எடுத்து ஜன்னல் விளிம்பில், முகம் தெருவைப் பார்க்கிற மாதிரி வைத்தேன். அவ்வளவுதான். யோசித்துச் செய்ததில்லை. என்னால் போக முடியாத இடத்துக்கு அது போகட்டும் என்று ஒரு எரிச்சலில் செய்தது.

நீதான் முதலில் பார்த்தாய். "அம்மா! ஒட்டகம் ஓடிப் போவுது!"

"எனக்கென்ன தெரியும்? உங்க சத்தம் தாங்க முடியாம கெளம்பிருச்சு போல" என்றேன்.

நீ வாயைப் பொத்திக்கொண்டாய். ரீத்தாவின் வாயையும் பொத்தினாய். அந்தக் காலைப் பொழுது முழுக்க வீட்டில் அழுகைச் சத்தம் இல்லை. அடுத்த நாள் அது மைலோ டின்னுக்கு மேல் உட்கார்ந்திருந்தது. அதற்கடுத்த நாள் அரிசிக்குள் கழுத்து வரை புதைந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ரீத்தா அதற்கு "அங்கிள்" என்று பெயர் வைத்தாள். தெரியாத ஆம்பிளைகள் எல்லாம் அவளுக்கு அங்கிள்தானே. நீங்கள் சொரிந்து சொரிந்து ரத்தம் வர ஆரம்பித்த ஒரு நாளில், உங்களுக்குப் பூசுகிற ரோஸ் கலர் மருந்தைத் தொட்டு அங்கிள் உடம்பெல்லாம் புள்ளி வைத்து, தலையணை மேல் படுக்க வைத்தேன். நீங்கள் எழுந்து பார்த்த பார்வையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. "அங்கிளுக்கும் அம்மை போட்ருச்சு!" என்று ரீத்தா கை தட்டினாள். நீ கவலையோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "சொரியாத அங்கிள், சொரிஞ்சா தழும்பு வந்துரும்" என்று நான் உனக்குச் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னாய். அன்றைக்கு உங்கள் கை உங்கள் உடம்புக்குப் போகவே இல்லை. அங்கிளுக்கு விசிறிக்கொண்டிருந்தீர்கள்.

உங்கப்பா அன்று கேட்டுக்கு வெளியே நின்று, உள்ளே கேட்ட சிரிப்பைக் கேட்டுத் திகைத்துப்போனார். "என்னடா சத்தம்? அம்மை போட்ட வீடா இது?" என்றார். நீ ஜன்னலிலிருந்து கத்தினாய்: "அப்பா, நம்ம ஒட்டகம் ராத்திரி எல்லாம் நடக்குதுப்பா!" அந்த மனுஷன் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு தலையைச் சொரிந்துகொண்டு, "அதான் ஃபெடரல் ஹைவேல ஒட்டகக் காலடி மாதிரி பாத்தேன். மாட்டுக் காலடின்னு நெனச்சுட்டேன்லா" என்றார். அன்றிலிருந்து அவரும் சேர்ந்துவிட்டார். ராஜாக்களும் ஒட்டகமும் டிசம்பர் முழுக்க வீட்டைச் சுற்றிப் பயணம் செய்து, ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் அன்று குடிலுக்கு வந்து சேர வேண்டும் என்று சட்டம் போட்டது அவர்தான். யாரும் பார்க்கும்போது அங்கிள் நகராது, யாரும் கையால் தொடக் கூடாது என்று சட்டம் போட்டது நீ.

அடுத்த வருஷம் அம்மை இல்லை, ஆனால் டிசம்பர் பிறந்ததும் நீங்கள் இருவரும் கேட்டீர்கள். நானும் செய்தேன். சொல்லப் போனால் உங்களைவிட நான்தான் அதற்குக் காத்திருந்தேன். சமைத்து, துவைத்து, உங்கப்பா எப்போது வருவார் என்று தெரியாத வீட்டில் காலையில் எழுந்ததும் எனக்கென்று ஒரு குறும்பு இருந்தது.

இப்போது மூன்றாவது வருஷத்துக்கு வருகிறேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

உனக்கு ஏழு வயது. கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் முன்னால் உங்கப்பா கிழக்குக் கரையிலிருக்கிற கோத்தா பாருவுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனார். "திருநாளுக்கு முன்ன வந்துருவேன், கோழிய நானே வாங்கிட்டு வரேன், நீ பாசாருக்கு அலையாத" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன மறுநாளிலிருந்து மழை. இங்கேயே அப்படி என்றால் கிழக்குக் கரையில் கேட்கவே வேண்டாம். ரேடியோவில் வெள்ளம், பாலம் உடைந்தது, போன் லைன் அறுந்தது என்று வரிசையாகச் சொன்னார்கள். நம் வீட்டில் போன் கிடையாது. பத்மாக்கா வீட்டு நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். நான் வாசலுக்கும் வேலிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். பத்மாக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "தங்கச்சி, போன் ஒண்டும் வரேல்லை. வந்தா நான் ஓடி வந்து சொல்லுவன். நீ போய் பிள்ளையளுக்குச் சாப்பாடு குடு" என்பார். போவேன். மறுபடி வருவேன்.

கிறிஸ்மஸ் பூசைக்கு உங்கள் இருவரையும் மட்டும் கூட்டிப் போனேன். புதுச் சட்டைக்குப் பொத்தான் தைக்கவில்லை என்பதைக் கோயிலில்தான் பார்த்தேன். பலகாரத்துக்கு ஊற வைத்த மாவு புளித்துக் கிடந்தது. ஆனால் ஒட்டகத்தை மட்டும் விடாமல் நகர்த்திக்கொண்டிருந்தேன். அது ஒன்று ஒழுங்காக நடந்தால் வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நீங்கள் நம்புவீர்கள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகும் செய்தி இல்லை. உங்களைப் பத்மாக்காவிடம் விட்டுவிட்டு பஸ் மாறி மாறி போர்ட் கிள்ளானுக்குப் போனேன். லோரி கம்பெனி ஆபீஸில் இருந்த சீனப் பெண் என்னைக் கண்டதும் தலையை ஆட்டினாள். "பெலும் அடா கபார், காக்." இன்னும் செய்தி இல்லை. வெளியே வந்தபோது ஒரு டிரைவர் பையன் பின்னாலேயே வந்தான். "அக்கா, அண்ணன் குவாந்தான் தாண்டினதப் பாத்தேன். அதுக்கப்புறம் தெரியலக்கா" என்றான். சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தான். "இன்னும் என்ன தம்பி?" என்றேன். "ஒரு லோரிய ஆறு அடிச்சிட்டுப் போச்சுன்னு பேசிக்கிறாங்க. யாரோடதுன்னு தெரியல. அண்ணனோடதா இருக்காதுக்கா" என்றான். திரும்பி வந்த பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் இருந்தது. நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து, வேலியருகில் பத்மாக்காவிடம் அந்த ஆற்று விஷயத்தைச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். நீ குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாய். எவ்வளவு நேரம் கால் கழுவினாய் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை நான் ஒட்டகத்தை நகர்த்தவில்லை. மறந்தேன் என்று சொல்வது சரியில்லை. கண் விழித்ததும் அது நினைவுக்கு வந்தது, ஆனால் எழுந்து போய் ஒரு பொம்மையை எடுத்து வேறு இடத்தில் வைக்க என் உடம்பில் வலு இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அப்போதுதான் ரீத்தாவின் சத்தம் கேட்டது. "அம்மா, ஓடியாங்க! அங்கிள் ரொட்டிய தின்னுருச்சு!"

போய்ப் பார்த்தேன். மேசை மேல் ரொட்டிக்காரரிடம் வாங்கி வைத்திருந்த முழு ரொட்டி. அதன் நடுவைத் தோண்டி எடுத்து, உள்ளே ஒட்டகத்தைத் திணித்திருந்தது. தலை மட்டும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ரீத்தா விழுந்து விழுந்து சிரித்தாள். நீ கதவருகில் நின்றாய். உன் சட்டையெல்லாம் ரொட்டித் தூள், வாயோரத்திலும் தூள். நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு, நான் எப்போதும் சொல்கிற அதே குரலில், "எனக்கென்ன தெரியும்? அங்கிளுக்குப் பசிச்சிருக்கும் போல" என்றாய்.

ஒரு நாள் நகர்த்த மறந்தால் என்ன ஆகும் என்று கேட்டாயே மகனே, இதுதான் ஆகும். வீட்டில் இன்னொருவர் எழுந்துவிடுவார். அதற்காக நீ பயப்படவே வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு: அப்படி எழுகிறவர் எத்தனை வயதுக்காரர் என்று பார்க்காமல் விட்டுவிடுவது. நான் அன்றைக்கு உன்னைத் திட்டவும் இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. ரொட்டியின் மிச்சத்தை வெட்டி மூவரும் சாப்பிட்டோம்.

அதன் பிறகு ஒட்டகம் உன் பொறுப்பாகிவிட்டது. நீ என்னைவிட நன்றாகச் செய்தாய். ஒரு நாள் அது என் ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ரேடியோ மேல் நின்றது. ஒரு நாள் குளியலறைக் கோப்பையில் படகு விட்டது. பள்ளி திறந்த பிறகும், வெள்ளைச் சட்டை நீலக் காற்சட்டையோடு கிளம்புவதற்கு முன்னால், யாருக்கும் தெரியாமல் வைத்துவிட்டுப் போவாய். ரீத்தா "அப்பா எப்ப வருவாங்க?" என்று கேட்டால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொல்லிவிடுவாய்: "அங்கிள் குடிலுக்குப் போறதுக்குள்ள வந்துருவாங்க." ஒரு தடவை இல்லை, அவள் கேட்கும்போதெல்லாம் அதையே சொன்னாய். அவளும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று ராஜாக்கள் திருநாள் வந்தது. ராஜாக்கள் மூன்று பேரும் குடிலில் பாலன் முன்னால் நின்றார்கள். காலையில் நீதான் வைத்திருக்கிறாய். ஒட்டகம் மட்டும் இல்லை. தேடினோம். அது வீட்டின் கடைசியில், பின்கதவுக்கு வெளியே, துணி துவைக்கிற கல்லின் மேல், குடிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. குடிலிலிருந்து அதைவிடத் தூரமான இடம் நம் வீட்டில் கிடையாது.

ரீத்தாவுக்குப் புரியவில்லை. "எல்லாரும் வந்துட்டாங்க. அங்கிள் மட்டும் ஏன் அங்க போச்சு?"

நீ அவளைப் பார்க்காமல் சொன்னாய்: "ரோட்ல வெள்ளம். வர முடியல."

நான் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். நீ ஒரு வாக்குக் கொடுத்துவிட்டாய். அந்த வாக்குப் பொய்யாகாமல் இருக்க உனக்குத் தெரிந்த ஒரே வழி, அந்தப் பொம்மையைக் குடிலுக்கு வரவிடாமல் பிடித்து வைப்பது. ஏழு வயதுப் பிள்ளை. எத்தனை நாளாக இதை யோசித்தாயோ. குடிலைப் பிரித்து வைக்க வேண்டிய நாள் தாண்டியும் நான் பிரிக்கவில்லை. பத்மாக்கா எட்டிப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்கவில்லை. ஒட்டகம் தினமும் இடம் மாறியது, ஒரு நாளும் முன்னறைப் பக்கம் வரவில்லை.

உங்கப்பா வந்தது ஒரு மத்தியானம். யாரோ ஒருவருடைய காய்கறி லோரியிலிருந்து இறங்கினார். யாரோ ஒருவருடைய சாரோங், யாரோ ஒருவருடைய சட்டை. கன்னம் ஒட்டிப்போய், தாடி வளர்ந்து, அடையாளமே தெரியவில்லை. வெள்ளத்தில் லோரி நடுவழியில் நின்றுவிட்டிருக்கிறது. படகில் வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போய் மேட்டிலிருந்த நாலைந்து வீட்டுக் கம்பம் ஒன்றில் விட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு வீட்டில் காய்ச்சல் கண்டு, தன் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் நாள் கணக்கில் கிடந்திருக்கிறார். அந்த வீட்டு மலாய்க்காரர்கள் கஞ்சி ஊற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், ரீத்தா கத்திக்கொண்டே ஓடி அவர் காலைக் கட்டிக்கொண்டாள், நான் கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றேன்.

நீ பள்ளிப் பையோடு சந்து முனையில் வந்துகொண்டிருந்தாய். அவரைப் பார்த்ததும் ஓடி வருவாய் என்று நினைத்தேன். நீ நடந்துதான் வந்தாய். கிட்டே வந்து, பையைக் கீழே வைத்தாய். "ஏன் லேட்டு?" என்றாய். அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் இரண்டு கையையும் முஷ்டியாக மடக்கி அவர் வயிற்றில் குத்தினாய். குத்திக்கொண்டே இருந்தாய். நான் தடுக்க வந்தேன். அவர் தலையை ஆட்டினார், விடு என்று. நிற்கவே தெம்பில்லாத மனுஷன் கேட்டில் சாய்ந்துகொண்டு எல்லாக் குத்தையும் வாங்கிக்கொண்டார். உன் கை ஓய்ந்தது. உள்ளே போய், யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் பாயில் விழுந்தாய். சாப்பிட எழுப்பியும் எழவில்லை. மறுநாள் வெயில் ஏறும் வரை தூங்கினாய். விழித்தபோது மறுபடி பழைய அருள். சிரித்தாய், வேடிக்கை பேசினாய், அப்பாவின் தாடியைப் பிடித்து இழுத்தாய். சரியாகிவிட்டான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அது அப்படிச் சரியாகவில்லை என்பது எனக்குப் பிறகுதான், மெல்ல மெல்லப் புரிந்தது. பள்ளியை முடிக்கிற ஃபார்ம் ஃபைவ் பரீட்சையில் தவறிவிடுவோம் என்று பயந்த வருஷம் நீ வீட்டில் யாரையும் சிரிக்காமல் விடவில்லை. எனக்கு ஆபரேஷன் நடந்தபோது வார்டில் நர்ஸெல்லாம் சிரிக்கிற மாதிரி கதை சொன்னாய். வெளியே நின்று நீ சுவரில் தலையை முட்டிக்கொண்டதை ரீத்தா பார்த்திருக்கிறாள். உனக்கு ஏதாவது பாரமாக இருந்தால் வீட்டில் வேடிக்கை அதிகமாகும். அதை உனக்குப் பழக்கிவிட்டது அந்த டிசம்பர். நீ பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டைத் தாராளமாகக் காட்டு. அரிசியில் புதை, மருந்துப் புள்ளி வை, வீட்டையே தலைகீழாக்கு. அவர்கள் சிரிக்கட்டும். ஆனால் வீட்டில் ஏதாவது கஷ்டம் என்றால், அதை அவர்களுக்குப் புரிகிற அளவுக்கு வாயால் சொல்லிவிடு. சொல்லாமல் விட்டால் அவர்களாகவே தெரிந்துகொள்வார்கள், தெரிந்துகொண்டு தனியாகச் சுமப்பார்கள்.

இப்போது நான் உட்கார முடியாமல் நடந்துகொண்டிருப்பதன் காரணத்தைச் சொல்கிறேன். கடல் தாண்டிக் கூச்சிங்குக்கு மாற்றலாகிப் போனதிலிருந்து நீ போனில் ரொம்ப வேடிக்கையாகப் பேசுகிறாய். ஞாயிற்றுக்கிழமை உன் மனைவியைக் கூப்பிடு என்றேன். அவள் தூங்குகிறாள் என்றாய், பின்னாலேயே ஒரு ஜோக் சொன்னாய். சாயங்காலம் ஆறு மணிக்கு யாரப்பா தூங்குவார்கள்? ஆபீஸில் ஆளைக் குறைக்கிறார்களாமே என்று கேட்டேன். அதற்கும் ஒரு ஜோக். உங்கப்பா எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், "பையன் ரொம்பச் சிரிக்கிறான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுநாளே அலமாரி மேலிருந்த பையை இறக்கித் துடைத்து வைத்துவிட்டார். பிளேன் டிக்கெட் எங்கே வாங்குவது என்று விசாரிக்கத்தான் இன்று கிள்ளானுக்குப் போயிருக்கிறாரோ என்னவோ. அதை இங்கேயே விசாரிக்கலாம், ஆனால் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உனக்கு ஏழு வயதில், அந்த ரொட்டி மேசைக்கு முன்னால், நான் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தெரியவில்லை. இப்போது கேட்கிறேன். உனக்குப் பயமாக இருக்கிறதா அருள்? இருந்தால் இருக்கிறது என்று சொல். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே போன் செய். நான் எடுத்ததும் எந்தக் கதையும் வேண்டாம். சிரிக்காமல் பேசு.

அம்மா